மட்டக்களப்பில் விமான நிலையம் இருந்தும் ஏன் கட்டுநாயக்காவுக்கே ஓடுகிறோம்?

களுவாஞ்சிக்குடியில் பிறந்து இப்போது கட்டாரில் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "ஒவ்வொரு முறையும் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் இறங்கி, இன்னொரு இரவு முழுக்க பஸ்ஸில் இருந்துதான் வீடு வந்து சேர்கிறேன். திமிலைதீவில் விமான நிலையம் இருக்கிறது, சர்வதேச விமான நிலையம் என்றும் சொல்கிறார்கள். ஏன் ஒன்றும் வருவதில்லை? இதற்கு எந்த அமைச்சர் பொறுப்பு, எந்தக் கம்பனி பொறுப்பு? ஓடுபாதையை நீட்டித் தரச் சொல்லி ஒரு மனு எழுதப் பார்க்கிறோம், அதில் என்ன போடலாம்?"

தம்பி, ஓடுபாதை போட்டவர்களும் அதைத் திறந்து வைத்தவர்களும் இருக்கிறார்கள். அதிலே கிழமைக்கு மூன்று நாளாவது தவறாமல் விமானம் ஓட்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியவர்தான் இல்லை. நான் முப்பது வருடத்துக்கு மேல் பஸ் நேரக்கணிப்பாளராக இருந்தவன். ஒரு பாதையில் யார் பஸ் விடுவார், எத்தனை நாள் விடுவார், எந்த நாளில் கைவிடுவார் என்பதையே பார்த்துப் பார்த்து வயது போனது. விமானத்துக்கும் கணக்கு அதேதான், தொகை மட்டும் பெரிது.

முதலில் பழைய கதை. இலங்கையின் சிவில் விமான சேவையைத் தூக்கி நிறுத்தியவர் சேர் ஜோன் கொத்தலாவல. சுதந்திரத்துக்கு முன்பும் பின்பும் போக்குவரத்து அவர் கையில் இருந்தது. எயார் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையில் எழும்பி, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. டக்கோட்டா விமானங்கள் மூன்று, பெயர்கள் சீதா தேவி, விகாரமகாதேவி, சுனேத்ரா தேவி. அந்தக் கம்பனி உள்ளூரிலும் பறந்தது. மட்டக்களப்புக்கும், டி. எஸ். சேனநாயக்க தொடக்கிவைத்த கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டப் பக்கம் அம்பாறைக்கும் இரத்மலானையிலிருந்து விமானம் வந்த காலம் ஒன்று இருந்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னரே அங்கே விமானம் இறங்கியது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அந்த விமானத்தில் ஏறினவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் பொறியியலாளர்களும் வசதியான வியாபாரிகளும்தான். எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அது வானத்தில் கேட்கும் சத்தம். ஆனாலும் அது நேரசூசிப்படி வந்தது.

1970களின் கடைசியில் எயார் சிலோன் மூடப்பட்டது. 1979இல் ஜே. ஆர். ஜெயவர்தன அரசு எயார் லங்காவைத் தொடக்கியது. அதன் கண் வெளிநாட்டுப் பாதைகளில் இருந்தது. 1983இல் மட்டக்களப்பு ஓடுபாதை விமானப்படையிடம் போனது. அதற்குப் பிறகு வந்த வருடங்களை உங்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை.

மறுபடி சிவில் பாவனைக்கென்று ஓடுபாதை புதுப்பிக்கப்பட்டு, 2016 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திறந்து வைத்தார். 2018 மார்ச்சில் போக்குவரத்து, சிவில் விமானச் சேவைகள் அமைச்சர் நிமல் சிறிபால டி சில்வாவின் காலத்தில் பயணிகள் சேவைக்கென்று இன்னொரு முறை திறந்தார்கள். இரண்டு திறப்பு விழா கண்ட விமான நிலையம் அது. வந்து போனது என்ன? 2013இல் தொடங்கிய சினமன் எயார். ஜோன் கீல்ஸ் குழுமம் அதில் ஒரு பங்காளி. ஒற்றை எஞ்சின் செஸ்னா காரவன் விமானம், எட்டுப் பேர் மட்டில் இருக்கலாம். பாசிக்குடா ஹோட்டல்களுக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்கு அது நல்ல வசதி, அந்தக் கம்பனியை நான் குறை சொல்லவே மாட்டேன். அவர்கள் தங்கள் வாடிக்கையாளரைத் தெரிந்துகொண்டு வந்தார்கள். காத்தான்குடியிலிருந்து உம்ராவுக்குப் போகிறவரும், ஏறாவூரிலிருந்து குவைத்துக்கு வேலைக்குப் போகிற பெண்ணும், கட்டாரிலிருந்து வரும் நீங்களும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அந்தக் கணக்கைப் போட வேண்டியது அரசாங்கம்.

இங்கேதான் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தைப் பார்க்க வேண்டும். அங்கே முதலில் செய்தது ஓடுபாதையை 1,400 மீற்றருக்கு ஒழுங்குபடுத்தியது. ஏடிஆர் 72 என்ற, எழுபது பேர் அளவில் ஏறக்கூடிய காற்றாடி விமானத்துக்கு அது போதும். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி திறந்தபோது, இந்திய அரசின் அலையன்ஸ் எயார் விமானம் சென்னையிலிருந்து வந்து இறங்கியது. அப்போது இத்துறை அமைச்சர் அர்ஜுன ரணதுங்க. அதாவது, திறக்கிற அன்றைக்கே ஓட்டுநர், விமானம் விடுகிற கம்பனியைத்தான் சொல்கிறேன், கையில் இருந்தார். கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது, 2025 மார்ச்சில் திருச்சிக்கும் பாதை திறந்தது. சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட ஒரு பாதையில் ஒருவர் ஓடிக் காட்டியதும், இந்தியாவின் மிகப் பெரிய தனியார் கம்பனி தானாக வந்து நின்றது. பஸ்ஸிலும் இப்படித்தான். முதல் ஆள் நட்டப்படாமல் ஓடினால் இரண்டாவது ஆளைக் கூப்பிடத் தேவையில்லை.

மட்டக்களப்பு ஓடுபாதை பலாலியின் அந்த 1,400 மீற்றரை விடக் கூடியது, 1,500 மீற்றரைத் தாண்டுகிறது. அதனால்தான் உங்கள் மனுவின் முதல் வரியை மாற்றச் சொல்கிறேன். ஏடிஆர் விமானத்துக்கு ஓடுபாதை காணும். கட்டாரிலிருந்து நேரே வருகிற பெரிய ஜெட் இறங்க இது போதாது என்பது உண்மைதான். ஆனால் அப்படியான ஜெட்டை நிரப்ப மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்தையும் சேர்த்தாலும் தினமும் ஆள் கிடைக்காது. சென்னைக்கு அறுநூறு கிலோமீற்றர் மட்டில், திருச்சிக்கு அதைவிடக் குறைவு. கட்டுநாயக்காவுக்கும் இரத்மலானைக்கும் ஒரு மணித்தியாலத்துக்குள். எங்களுக்குப் பொருந்துகிற தூரங்கள் இவை.

நீண்ட ஓடுபாதை மட்டும் விமானத்தைக் கொண்டு வராது என்பதற்கு தெற்கே அம்பாந்தோட்டையில் உள்ள மத்தளை விமான நிலையத்தை விட வேறு சாட்சி வேண்டுமா? 2013 மார்ச்சில் மகிந்த ராஜபக்ச தன் மாவட்டத்தில் திறந்தது. ஓடுபாதை 3,500 மீற்றர், செலவு 20 கோடி அமெரிக்க டொலருக்கு மேல், அதில் பெரும் பகுதி சீனக் கடன். 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய உடனே ஸ்ரீலங்கன் விமான சேவை அங்கிருந்து விலகியது. அந்த வருடம் அங்கே நெல் மூட்டை அடுக்கினார்கள். பயணி எங்கிருந்து வருவார் என்று யாரும் கேட்காமல் கட்டிய கட்டடம் அது. அதே மாதிரி இன்னொன்றை எங்கள் மண்ணில் கேட்டு மனு எழுதுவதை என்னால் பொறுக்க முடியாது.

அப்போ அரசு என்ன செய்யலாம்? இந்தியாவில் 2017இல் தொடங்கிய உடான் திட்டம் நல்ல பாடம். சிறு நகரத்துக்கு விமானம் விடுகிற கம்பனிக்கு, பாதி இருக்கைகளின் கட்டணத்தை மட்டுப்படுத்தச் சொல்லி, அதனால் வரும் இடைவெளியை அரசு மூன்று வருடத்துக்கு நிரப்புகிறது. சேலத்தை எடுங்கள். மட்டக்களப்பில் திறப்பு விழா நடந்த அதே 2018 மார்ச்சில்தான் சேலத்துக்கும் சென்னையிலிருந்து உடான் விமானம் வந்தது. 2021இல் ஓட்டின கம்பனி நின்றுபோனது, சேவையும் நின்றது. 2023 ஒக்டோபரில் வேறு கம்பனிகளோடு திரும்பத் தொடங்கியது. இந்தியாவில் உதவிப் பணம் முடிந்ததும் விமானம் நின்ற நகரங்கள் நிறைய. அதையும் மறைக்காமல் மனுவில் சொல்லுங்கள். ஆனால் நின்ற இடத்தில் மறுபடி ஏலம் விட்டு ஓட்டுநரைத் தேட அங்கே ஒரு வழி இருக்கிறது. எங்களுக்கு அந்த வழியே இல்லை. அமைச்சர் மாறினால் எல்லாம் மாறுகிறது.

கம்பனியின் தலைமையும் அரசியலும் மோதினால் என்னவாகும் என்பதற்கு ஒரே ஒரு சம்பவம் போதும். 1998இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கி எயார் லங்காவின் நிர்வாகத்தை எடுத்தது, ஸ்ரீலங்கன் என்று பெயர் மாறியது. 2007 டிசம்பரில், அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் குழுவுக்காக லண்டன் விமானத்தில் டிக்கெட் எடுத்திருந்த பயணிகளை விலக்க மறுத்தார் அதன் தலைமை அதிகாரி பீற்றர் ஹில். அவருடைய வேலை விசா பறிக்கப்பட்டது. அடுத்த வருடம் எமிரேட்ஸ் நிர்வாகத்திலிருந்து விலகியது. அதற்குப் பின் அந்தக் கம்பனி விழுந்த கடன் குழியை நாடு முழுக்கச் சேர்ந்து நிரப்பிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் எடுத்தவனின் இடத்தைப் பறிக்கக் கூடாது என்ற ஒரு சின்ன ஒழுங்குக்காக நின்ற மனிதர் அவர். நேரக்கணிப்பாளர் கொட்டிலில் இருந்து, "சேர் வாறார், பஸ்ஸைப் பிந்தி விடு" என்ற தொலைபேசி அழைப்புகளை நான் எத்தனை தரம் எடுத்திருக்கிறேன். அதனால் அந்த மனிதரின் மேல் எனக்குத் தனி மரியாதை.

கிழக்கின் சொந்தத் தலைவர்கள் என்று வந்தால், போக்குவரத்தில் ஒருவரைத்தான் நான் முதலில் சொல்வேன். எம். எச். எம். அஷ்ரப். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர், 1994இலிருந்து கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சர். அதற்கு முன்னர் எங்கள் பக்கத்திலிருந்து அமைச்சரானவர்கள் இருந்தார்கள், ஆனால் நாட்டின் ஒரு முதுகெலும்புத் துறையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தென்கிழக்குக் கரைக்குத் திருப்பியவர் அவர்தான். துறைமுகங்களில் எங்கள் இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது. ஒலுவிலில் பல்கலைக்கழகம் வந்தது, வெளிச்சவீடு எழும்பியது, துறைமுகக் கனவு பிறந்தது. 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்கவில் மலையில் விழுந்தது. ஒருவரும் தப்பவில்லை. அன்றைக்குப் பின்னேரம் கல்முனை பஸ் நிலையத்தில் தமிழர், முஸ்லிம் என்று இல்லாமல் ஆட்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்ற காட்சி இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

துறைமுகம் அவர் போன பிறகுதான் வந்தது. 2008இல் வேலை தொடங்கி, டென்மார்க் கடன் 4 கோடியே 60 இலட்சம் யூரோ மட்டில் செலவழித்து, 2013 செப்டெம்பரில் திறந்தார்கள். பிறகு நடந்தது எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலைதடுப்பு அதை மறிக்க, துறைமுக வாயில் மண்ணால் அடைபட்டது. மணல் போய்ச் சேராத வடக்குப் பக்கத்தில் ஒலுவிலிலிருந்து நிந்தவூர் வரை கடல் நிலத்தைத் தின்றது. தென்னைகள் வேரோடு விழுந்தன, தோணி இழுத்து வைக்கக் கரையே இல்லாமல் போனது. வணிகக் கப்பல் வந்து போகும் துறைமுகமாக அது மாறவே இல்லை. மீன்பிடிப் படகுகளுக்குக்கூட வாயிலைத் தோண்டித் தோண்டித்தான் வழி விட வேண்டியிருக்கிறது. கனவு கண்டவர் இருந்திருந்தால், மண் வாருகிற கப்பலுக்கு வருடா வருடம் காசு ஒதுக்க அமைச்சரவையில் மேசையில் அடித்துப் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். கட்டும் செலவுக்குக் கடன் கிடைத்தது, வாருகிற செலவுக்கு ஆளில்லை.

தரையில் மட்டும் ஒரு நல்ல கதை சொல்லாமல் விட முடியாது. 1928இல் மட்டக்களப்புக்குக் கோச்சி, அதாவது ரயில், வந்தது. மாகோவிலிருந்து பிரிந்து, கல்லோயாச் சந்தி, பொலநறுவை, வெலிக்கந்தை, வாழைச்சேனை என்று காட்டுக்குள்ளால் வரும் ஒற்றைத் தண்டவாளம். அந்தப் பாதைக்கு உயிர் கொடுத்தவர்கள் அமைச்சர்கள் இல்லை. பி. டி. ரம்பல என்ற பொறியியலாளர். 1955இலிருந்து 1970 வரை ரயில்வேயின் பொது முகாமையாளர். நிலக்கரி எஞ்சினை விட்டு டீசலுக்கு நாட்டை மாற்றியவர், தூரப் பயணக் கோச்சிகளுக்குப் பெயர் சூட்டி, சொன்ன நேரத்துக்கு வந்து சேர வைத்தவர். யாழ்தேவி வடக்குக்கு எப்படியோ, உதயதேவி எங்களுக்கு அப்படி. "உதயதேவி போயிற்று, எழும்பு" என்று அம்மா எங்களை எழுப்பின காலம் இருந்தது. ஒரு கோச்சி மணிக்கூடாக இருப்பதென்றால், பின்னால் ஒருவர் எவ்வளவு பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். யுத்தத்தில் பாதை அறுந்து, 2003இல் மறுபடி மட்டக்களப்பு நிலையத்துக்குக் கோச்சி வந்தது. அதோடு நின்றுவிட்டது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல், இலங்கையிலேயே சனம் நெருக்கமாக வாழும் கரையோரங்களில் ஒன்று, தண்டவாளம் ஒரு அடிகூட இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் பாதை மேடையில் ஓடுகிறது. தெற்கிலே மாத்தறையிலிருந்து பெலியத்தைக்கு 2019 ஜனவரியில் உண்மையாகவே ஓடியது.

பஸ்ஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொல்லத் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன். 1958 ஜனவரி 1ஆம் திகதி மைத்திரிபால சேனாநாயக்க அமைச்சராக இருந்து எல்லா பஸ்ஸையும் அரசுடைமையாக்கினார். 1979இல் எம். எச். முகம்மது தனியார் பஸ்ஸுக்குத் திரும்ப வழி விட்டார். முதலாவது முடிவு, வாவிக்கு மேற்கே ஆள் குறைந்த படுவான்கரைக் கிராமத்துக்கும் பஸ் போக வைத்தது. இரண்டாவது முடிவு, கல்முனை வீதியில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்ற நிலையைக் கொடுத்தது. இரண்டும் தேவை. முதலாவதைச் சாகவிட்டதுதான் தவறு.

பாலங்களையும் சேர்க்க வேண்டும். 1924இல் ஆளுநர் மனிங் காலத்தில் கல்லடியில் இரும்புப் பாலம் வந்தது, பக்கத்திலே ஜப்பான் உதவியில் 2013இல் புதியது. அதற்கு அடுத்த வருடம் ஏப்ரலில் மண்முனைப் பாலம். என்னைக் கேட்டால், கடந்த ஐம்பது வருடத்தில் மட்டக்களப்பின் மிகப் பெரிய போக்குவரத்து வேலை இந்த 210 மீற்றர்தான், விமான நிலையம் இல்லை. அதற்கு முன்னர் படுவான்கரையில் இருக்கும் கொக்கட்டிச்சோலை ஆட்கள் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வர "பாதை"யில் ஏற வேண்டும். வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் வாவியைக் கடக்கும் மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். பாதை அந்தக் கரையில் நின்றால் இந்தக் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். என் மாமி ஒருவரைப் பிள்ளைப் பேற்று வலியோடு மண்முனைத் துறையில் ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொண்டு நின்றோம், இருட்டில், மழையில். பிள்ளை துறையிலேயே பிறந்தது. தப்பியது, இன்று அவனுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். தாந்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்கு அந்தப் பாலத்தால் இப்போது பஸ் வரிசையாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பாலத்துக்கு ஓட்டுநர் தேவையில்லை. ஒரு தரம் ஒழுங்காகக் கட்டினால் அது தன் வேலையைச் செய்யும். விமான நிலையமும் துறைமுகமும் அப்படி இல்லை, அவற்றை ஒவ்வொரு நாளும் ஒருவர் நடத்த வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்த அமைச்சர் எங்களுக்கு வேண்டும்.

சரி, மனுவுக்கு வருவோம். 2024 நவம்பரில் போக்குவரத்து, பெருந்தெருக்கள், துறைமுகம், விமானச் சேவை எல்லாம் பிமல் ரத்நாயக்கவின் கையில் ஒன்றாக இருந்தது. 2025 ஒக்டோபரில் பிரித்தார்கள். துறைமுகமும் சிவில் விமானச் சேவையும் அநுர கருணாதிலகவிடம் போயின. அதனால் ஒரு மனுவை இரண்டு விலாசத்துக்கு அனுப்புங்கள். கட்டுநாயக்கா, சென்னை, திருச்சி ஆகியவற்றில் ஒரு பாதையைத் தெரிந்து, மூன்று வருடத்துக்குக் குறைந்தபட்ச இருக்கை உத்தரவாதத்தோடு, அதாவது சொன்ன அளவுக்கு ஆள் ஏறாவிட்டால் அந்த இடைவெளியை அரசு நிரப்பும் என்ற வாக்கோடு, கேள்விப்பத்திரம் கோரும்படி கேளுங்கள். விமானம் இறங்குகிற நேரத்துக்கு திமிலைதீவிலிருந்து மட்டு நகருக்கும் கல்முனைக்கும் பஸ் வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். விமானத்தில் ஒரு மணித்தியாலத்தில் வந்தவன் முச்சக்கரவண்டிக்காரரோடு அரை மணித்தியாலம் பேரம் பேசிக்கொண்டு நின்றால், அடுத்த முறை பஸ்ஸிலேயே வருவான். பொத்துவில் வரைக்கும் தண்டவாளத்துக்கு, முதலில் நில அளவையாவது இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் போடச் சொல்லுங்கள். ஒலுவில் வாயிலுக்கு நிரந்தரமாக மண் வாரும் ஒதுக்கீடு. அவ்வளவும் போதும், பட்டியல் நீண்டால் ஒருவரும் வாசிக்க மாட்டார்.

இலக்கம் இல்லாத மனுவுக்கு மதிப்பில்லை. உங்கள் கூட்டாளிகளிடம் சொல்லி, கல்முனையிலும் காத்தான்குடியிலும் உள்ள பயண முகவர்களிடம் ஒரு மாதத்தில் எத்தனை வெளிநாட்டு டிக்கெட் போகிறது என்று கேட்டு எழுதுங்கள். இரவு பஸ்களில் எத்தனை பேர் கட்டுநாயக்காவுக்குப் போகிறார்கள் என்று இரண்டு கிழமை எண்ணுங்கள். எண்ணுவது எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன், படிவமும் போட்டுத் தருகிறேன். அப்புறம், கையெழுத்து வாங்கும்போது நகரத்தோடு நிற்க வேண்டாம். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் இன்னும் பாதைதான் ஓடுகிறது. காலை ஏழு மணிக்கு அந்தத் துறையில் போய் நின்றால் ஆசிரியர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மரக்கறிக் கூடையோடு சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் கேட்பதையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.